அமிலம் இல்லாமல் எஃகிலிருந்து மில் ஸ்கேலை நீக்குவது: முழுமையான வழிகாட்டி

சூடாக உருட்டி வரும் தகடு, ஆங்கிள், சேனல், கம்பி எதுவானாலும் அதன் மேல் நீலம் கலந்த கருப்பு நிறத்தில் ஒரு தோல் ஒட்டியிருக்கும். அதுதான் மில் ஸ்கேல். பார்க்கப் பளபளப்பாகவும் கெட்டியாகவும் இருப்பதால் அது எஃகைக் காக்கும் பூச்சு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதன் மேலேயே பெயின்ட் அடிக்கவும் செய்கிறார்கள். ஓரிரு மழைக்காலத்துக்குள் பெயின்ட் தகடு தகடாக உரிந்து விழும். உரிந்ததன் பின்புறத்தைப் பார்த்தால் கருப்பாக ஸ்கேல் ஒட்டியிருக்கும். பெயின்ட் தன் பிடியை விடவில்லை, ஸ்கேல்தான் எஃகை விட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

அமிலத் தொட்டி இல்லாமல் இந்த ஸ்கேலை எடுக்கும் வழிகள், எந்த வேலைக்கு எது பொருந்தும், எங்கே பிசகும் என்பதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

ஸ்கேல் என்பது என்ன

570 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான எஃகைக் காற்று தொட்டால் மூன்று அடுக்காக ஆக்சைடு உருவாகிறது. எஃகை ஒட்டி வூஸ்டைட், நடுவில் மேக்னடைட், வெளியே மிக மெல்லிய ஹெமடைட். உயர் வெப்பநிலையில் மொத்தக் கனத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் வூஸ்டைட்தான். ஹெமடைட் ஒரு சதவீத அளவே இருக்கும். ஆனால் 570 டிகிரிக்குக் கீழே வூஸ்டைட் நிலையாக இருக்க முடியாது. எஃகு மெதுவாக ஆறினால் அது மேக்னடைட்டாகவும் நுண்ணிய இரும்பாகவும் பிரிந்துவிடும். வேகமாக ஆறினால் பெரும்பகுதி வூஸ்டைட்டாகவே உறைந்து நிற்கும்.

இந்த வேறுபாடு பட்டறைக்கு மிக முக்கியம். வூஸ்டைட் மிகுந்த, சற்றே கனமான ஸ்கேல் வளைத்தாலோ தட்டினாலோ சில்லுச் சில்லாக விழும். மெல்லிய, மேக்னடைட் மிகுந்த ஸ்கேல் எஃகை இறுகப் பற்றிக்கொள்ளும். ஒரே கனமுள்ள இரண்டு தகடுகளில் ஒன்று சீக்கிரம் சுத்தமாகி, மற்றொன்று இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். உங்கள் கருவியைச் சந்தேகிக்கும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஸ்கேலை ஏன் எடுத்தே ஆக வேண்டும்? ஈரம் பட்டால் ஒரு மின்கலம் போல ஸ்கேல் கேதோடாகவும் (அரிக்காத முனை) எஃகு ஆனோடாகவும் (அரிக்கும் முனை) மாறிவிடுகின்றன. ஸ்கேலில் விழும் மெல்லிய விரிசல் ஒவ்வொன்றிலும், சுற்றியுள்ள பெரிய பரப்பின் அரிப்பு முழுவதும் அந்தச் சிறு கீறலில் குவிகிறது. அதனால்தான் துரு பரவலாக வராமல் குழி குழியாக இறங்குகிறது. வெல்டிங்கில் அது ஆக்சிஜனைக் கொண்டுவந்து துளைகளையும் கசடையும் உண்டாக்கும். கம்பியை ஒரு துளை வழியே இழுத்து மெலிதாக்கும் வயர் டிராயிங்கில், அந்தத் துளையுள்ள டையைத் தேய்க்கும். லேத்தில் முதல் வெட்டிலேயே டூலின் முனையை மழுக்கும்.

அமிலத்தைத் தவிர்ப்பதன் காரணம்

ஹைட்ரோகுளோரிக், சல்ஃப்யூரிக் அமிலத் தொட்டிகள் ஸ்கேலை நன்றாகவே எடுக்கும். சிக்கல் அதன் பின்னால் வருவதுதான்: கழிவு அமிலம், சுற்றியுள்ள இயந்திரங்களையும் துருப்பிடிக்க வைக்கும் ஆவி, மடிப்புகளிலும் மூட்டுகளிலும் தங்கிப் பல நாள் கழித்து வெளியே வரும் மிச்சம், உயர் வலிமை எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கச் செய்யும் ஆபத்து.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வினிகர், சிட்ரிக் அமிலம், பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த பல ‘ரஸ்ட் கன்வர்ட்டர்’ திரவங்கள் எல்லாம் அமிலங்களே. மென்மையானவை என்பதால் அவை அமிலமில்லா முறைகள் ஆகிவிடாது. நடுநிலை பிஹெச் கொண்ட கீலேட் துரு நீக்கிகள் (இரும்பைப் பற்றிக் கரைசலுக்கு இழுக்கும் திரவங்கள்) உண்மையிலேயே அமிலமற்றவை. ஆனால் அவை துருவுக்கு நல்லவை. இறுகிய மில் ஸ்கேலில் மிக மெதுவாகவே வேலை செய்யும்.

அமிலமில்லா முறைகளில் பெரும்பாலானவை ஒரே அடிப்படையில்தான் இயங்குகின்றன: எஃகு வளைந்து கொடுக்கும், ஸ்கேல் கொடுக்காது. அடித்தாலும், வளைத்தாலும், திடீரென்று சூடாக்கினாலும் குளிர்வித்தாலும் ஸ்கேல் விரிசல் விட்டு விலகுகிறது. அந்த வேறுபாட்டை உங்கள் வேலைப்பொருளில் எப்படி உண்டாக்குவது என்பதே முறையைத் தேர்வு செய்யும் கேள்வி. கட்டமைப்பு எஃகு, கனத் தகடு, டேங்க் என்றால் பிளாஸ்டிங், அதாவது துகளை வேகமாக வீசி அடிப்பது. சுருள் கம்பி என்றால் வளைத்து உதிர்த்தல். வெல்டிங் மூட்டும் சிறு பரப்பும் என்றால் கிரைண்டர். ஃபோர்ஜிங், ஹீட் ட்ரீட்மென்ட்டிலிருந்து வரும் சிறு பாகங்கள் என்றால் டம்ப்ளிங் (தேய்க்கும் கற்களோடு சேர்த்து உருட்டுவது) அல்லது சிறு பிளாஸ்ட் கேபினெட். 3 மி.மீ.க்குக் குறைந்த தகட்டில் வேகமான உலர் பிளாஸ்டிங் வேண்டாம். ஒரு பக்கம் அடித்ததும் தகடு வில்லாக வளைந்துவிடும்.

முதல் வேலை: எண்ணெயை எடுப்பது

எந்த முறையானாலும் தொடக்கம் இதுதான். எண்ணெய் இருக்கும் பரப்பில் பிளாஸ்டிங் செய்தால் எண்ணெய் போகாது. கிரிட்டில் (வீசும் துகளில்) ஏறி, பிறகு சுத்தமான தகடுகளின் மேலும் பரவும். திரும்பத் திரும்பப் பயன்படும் கிரிட் ஒருமுறை எண்ணெய் பிடித்தால் அந்தத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டியதுதான்.

காரத்தன்மையுள்ள டீகிரீசரைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வெந்நீரில் கலந்து தேயுங்கள், பிறகு நல்ல நீரில் அலசுங்கள். நீர் பரப்பு முழுவதும் உடையாத படலமாக நின்றால் எண்ணெய் போய்விட்டது. திட்டுத் திட்டாக முத்துகளாகத் திரண்டால் இன்னும் இருக்கிறது. கரைப்பான் நனைத்த துணியால் துடைப்பதாக இருந்தால் துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே துணி எண்ணெயை இடம் மாற்றுமே தவிர எடுக்காது.

கடற்கரைப் பகுதியில் கிடந்த எஃகு என்றால் உப்பையும் இப்போதே நல்ல நீரில் கழுவி எடுங்கள். பிளாஸ்டிங் ஸ்கேலை எடுக்கும், ஆனால் துருக்குழிக்குள் இருக்கும் குளோரைடை எடுக்காது.

கிரைண்டரால் எடுப்பது

சிறு வேலைகளுக்கு இதுவே போதும். ஆனால் பலர் தொடங்கும் இடமே தவறு: வயர் பிரஷ். சுழலும் வயர் பிரஷ் தளர்ந்த ஸ்கேலையும் துருவையும் எடுக்கும். இறுகிய ஸ்கேலைப் பளபளப்பாக்கி விட்டுவிடும். கம்பியை விட ஸ்கேல் எளிதில் தேயாதது என்பதே காரணம். அந்தப் பளபளப்பு வெற்று எஃகு போலத் தெரிவதுதான் இதில் பெரிய ஏமாற்று. எஃகுப் பரப்பின் சுத்தத்துக்கான ஐஎஸ்ஓ 8501-1 தரத்தில் எஸ்டி 2, எஸ்டி 3 என்ற கருவிச் சுத்த நிலைகளும் இறுகிய ஸ்கேலை எடுக்கச் சொல்வதில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் எஸ்டி 3 என்று மட்டும் எழுதியிருந்தால் வெற்று எஃகை எதிர்பார்க்க வேண்டாம்.

தேவையானவை: 125 மி.மீ. வேகம் மாற்றக்கூடிய கிரைண்டர், 60 கிரிட் செராமிக் அல்லது ஸிர்கோனியா ஃப்ளாப் டிஸ்க், கருப்பு நிறக் கடற்பஞ்சு போல இருக்கும் ஸ்ட்ரிப்பிங் டிஸ்க், முழுமுகக் கவசம், தூசி முகமூடி, காதடைப்பு.

1. டிஸ்கில் அச்சிட்ட அதிகபட்ச சுற்று வேகம் கிரைண்டரின் வேகத்தை விடக் குறைவாக இருக்கக் கூடாது. 125 மி.மீ. டிஸ்க் 12,200 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு வினாடிக்கு 80 மீட்டர் போகிறது. அதற்கு மேல் போனால் டிஸ்க் வெடித்துச் சிதறலாம்.

2. ஃப்ளாப் டிஸ்கைப் பரப்புக்கு 5 முதல் 15 டிகிரி சாய்வில் வைத்து, ஓரத்திலிருந்து உள்நோக்கி இழுங்கள். முதலில் ஸ்கேலில் ஒரு வாசல் திறக்க வேண்டும். எஃகு தெரிந்த இடத்திலிருந்து ஸ்கேலின் விளிம்பைத் தாக்கினால் அது வேகமாக விலகும். நடுவில் மேலிருந்து தேய்த்துக்கொண்டே இருந்தால் டிஸ்க்தான் வழவழப்பாகும்.

3. கையால் அழுத்த வேண்டாம். அழுத்தம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் டிஸ்கின் துகள்கள் மழுங்கும். எஃகு வைக்கோல் நிறமோ நீலமோ அடைந்தால் புதிய ஆக்சைடை நீங்களே உருவாக்குகிறீர்கள்.

4. கணிசமான எஃகு தேயாமல் ஸ்கேல் மட்டும் போக வேண்டுமென்றால் ஸ்ட்ரிப்பிங் டிஸ்கை 5,000–6,000 சுற்றில் ஓட்டுங்கள். முழு வேகத்தில் ஓட்டினால் சில நிமிடங்களில் டிஸ்க் தீர்ந்துவிடும். கூர்மையான ஓரங்கள் அதைக் கிழிக்கும், ஆகவே ஓரங்களை ஃப்ளாப் டிஸ்குக்கு விடுங்கள்.

வெல்டிங்குக்கு என்றால் மூட்டின் இருபுறமும் குறைந்தது 25 மி.மீ., முடிந்தால் பின்புறமும் சேர்த்து எடுங்கள். டிக் வெல்டிங் சிறிது ஸ்கேலையும் பொறுக்காது. பெயின்டுக்கு என்றால் கருவியால் சுத்தம் செய்வதற்கான எஸ்எஸ்பிசி எஸ்பி 11 தரம் வெற்று உலோகத்தோடு குறைந்தது 25 மைக்ரான் கரடுமுரடும் கேட்கிறது. நுண்ணிய டிஸ்கால் வழவழப்பாக்கிவிட்டால் அது கிடைக்காது. நீடில் கன் (ஊசிகளால் படபடவென்று தட்டும் கருவி) ஸ்கேலை உடைக்கும், கரடையும் தரும். மூலைகளுக்கும் ரிவெட் தலைகளுக்கும் அதுவே நல்லது, பெரிய சமதளத்துக்கு அல்ல.

பிளாஸ்டிங்

பெரிய பரப்புக்கு இதைவிட நம்பகமான அமிலமில்லா வழி இல்லை. ஸ்கேல் உடைவதும் பெயின்ட் பிடிக்கும் கரடு உருவாவதும் ஒரே வீச்சில் நடக்கின்றன.

*எந்தத் துகள்.* ஸ்டீல் ஷாட் உருண்டை. ஸ்கேலைச் சம்மட்டியால் அடிப்பது போல உடைக்கும், பரப்பைக் குண்டுங்குழியாக விடும். ஸ்டீல் கிரிட் கோணலானது. வெட்டி எடுக்கும், பெயின்டுக்குத் தேவையான கூர்மையான கரடைத் தரும். சுழலும் சக்கரத்தால் துகளை வீசும் வீல் பிளாஸ்ட் இயந்திரங்களில் இரண்டும் கலந்து ஓட்டுவது வழக்கம். மூடிய அறையில் துகளைத் திரும்ப எடுக்க முடிந்தால் ஸ்டீல் கிரிட். திறந்தவெளியில் 30/60 சல்லடை அளவு கார்னெட் (ஒரு கனிமத் துகள்) நல்ல தேர்வு. பெரிய துகள் என்றால் வேகம் என்பது தவறான எண்ணம்: துகள் சிறிதானால் ஒரு கிலோவில் அடிகளின் எண்ணிக்கை பெருகும். ஸ்கேலை உடைக்கப் போதுமான மிகச் சிறிய அளவே சரியான அளவு. ஆற்று மணலையும் குவார்ட்ஸ் மணலையும் எக்காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள். அது உடையும்போது பறக்கும் சிலிக்கா தூசி சிலிகோசிஸ் நோயைத் தருகிறது. நுரையீரலில் ஏறிய பாதிப்பு மீளாது.

*காற்று.* வேலை மெதுவாகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை காற்றில்தான் முடிகின்றன. நாசில் முனையில் 7 பார் வேண்டும். கம்ப்ரசர் மீட்டரில் அல்ல. நாசிலுக்கு அருகே ஹோஸில் ஊசி மீட்டரைக் குத்தி, துகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அளவிடுங்கள். 7 பாரிலிருந்து 5.5 பாருக்கு இறங்கினால் வேலை வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

7 பாரில் நாசில் குடிக்கும் காற்று தோராயமாக: 5 மி.மீ. நாசிலுக்கு நிமிடத்துக்கு 1.3 கன மீட்டர், 6.5 மி.மீ.க்கு 2.3, 8 மி.மீ.க்கு 3.9, 9.5 மி.மீ.க்கு 5.5, 12.5 மி.மீ.க்கு 9.5. கம்ப்ரசர் இதைவிடக் குறைந்தது கால் பங்காவது கூடுதலாகத் தர வேண்டும். சிறு பட்டறைக் கம்ப்ரசரில் பெரிய நாசிலை மாட்டினால் சில வினாடிகள் அடிக்கும், பிறகு அழுத்தம் சரிந்து வெறும் தூசி பறக்கும். சிறிய நாசிலை முழு அழுத்தத்தில் ஓட்டுவதே வேகம். ஹோஸின் உள்விட்டம் நாசில் விட்டத்தின் மூன்று முதல் நான்கு மடங்கு இருக்க வேண்டும். நாசிலின் துளை 1.5 மி.மீ. பெரிதானால் மாற்றிவிடுங்கள், 9.5 மி.மீ. நாசில் 11 மி.மீ. ஆனாலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் காற்று கேட்கும்.

செய்முறை:

1. வானிலை பாருங்கள். எஃகின் வெப்பநிலை பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) விடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் முடிக்கும் முன்பே பரப்பு துருப்பிடிக்கத் தொடங்கும்.

2. காற்றைச் சோதியுங்கள். துகள் இல்லாமல் காற்றை மட்டும் திறந்து, நாசில் வாயிலிருந்து 60 செ.மீ.க்குள் வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் பிடியுங்கள். எண்ணெய்க் கறையோ ஈரமோ தெரிந்தால் காற்றிலிருந்து எண்ணெயையும் நீரையும் எடுக்கும் பிரிப்பானைச் சரிசெய்யும் வரை தொடங்க வேண்டாம்.

3. துகள் வால்வை முழுவதும் மூடிவிட்டு, மெதுவாகத் திறந்துகொண்டே போங்கள். நாசிலிலிருந்து வரும் வீச்சு இலேசாக நிறம் மாறித் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். துகள் அதிகமானால் ஒன்றோடொன்று மோதி வேகத்தை இழக்கின்றன, ஹோஸ் துடிக்கும்.

4. நாசிலை 30–45 செ.மீ. தூரத்தில், பரப்புக்கு 80–90 டிகிரியில் பிடியுங்கள். ஸ்கேலை உடைக்க நேர் அடி தேவை. உடைந்து தளர்ந்ததையும் துருவையும் வாரி எடுக்க 60 டிகிரி சாய்வு நல்லது.

5. சுமார் 30 செ.மீ. சதுரம் எடுத்து முடித்துவிட்டு அடுத்ததற்கு நகருங்கள். கை சுழன்றுகொண்டே இருந்தால் எங்கும் பாதிதான் முடிந்திருக்கும். போல்ட் துளை, வெல்ட், மூலைகளை முதலில் முடித்து, சமதளத்தைக் கடைசியில் எடுங்கள்.

6. உலர்ந்த காற்றால் தூசியை ஊதி, பிறகு வேக்கம் போடுங்கள். ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்துப் பார்த்தால் மிஞ்சிய தூசி தெரியும்; ஐஎஸ்ஓ 8502-3 சோதனையும் இதே முறைதான்.

பெயின்டுக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது ஐஎஸ்ஓ 8501-1 தரத்தின் பிளாஸ்டிங் சுத்த நிலையான எஸ்ஏ 2½: ஸ்கேல், துரு, பழைய பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது, மிக இலேசான நிழற்கறை மட்டும் புள்ளியாகவோ கோடாகவோ இருக்கலாம். எஸ்ஏ 3-இல் அதுவும் கூடாது. தேவையில்லாமல் எஸ்ஏ 3 கேட்பது நேரத்தையும் துகளையும் வீணாக்கும். கரடின் உயரத்தைப் பிரைமரின் கனத்தோடு பொருத்துங்கள். 75 மைக்ரான் கரடின் மேல் 40 மைக்ரான் பிரைமர் போட்டால் சிகரங்கள் வெளியே நீட்டிக்கொண்டு நின்று, மறுநாளே புள்ளிப் புள்ளியாகத் துரு தெரியும்.

ஈர பிளாஸ்டிங்கில் தூசி வெகுவாகக் குறையும், உப்பும் கழுவப்படும். ஆனால் ஈரமான வெற்று எஃகு நிமிடங்களில் மஞ்சளாகிவிடும். துருத்தடுப்பான் சேர்த்தால், அது மேலே வரும் பிரைமருக்கு ஒத்துவருமா என்று பெயின்ட் தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுருள் தகடுகளுக்கு இதே வழியில் நீரும் ஸ்டீல் கிரிட்டும் கலந்த கூழைச் சக்கரங்களால் வீசும் இபிஎஸ் என்ற தொழில்முறை இருக்கிறது. அமில பிக்ளிங்குக்கு (அமிலத்தில் ஊறவைத்து ஸ்கேல் எடுப்பதற்கு) மாற்றாகவே அது உருவானது.

காற்று ஊட்டும் ஹெல்மெட் இல்லாமல் பிளாஸ்டிங் செய்யக் கூடாது. சாதாரண முகமூடி போதாது. கையை விட்டதும் காற்று நிற்கும் டெட்மேன் பிடி கட்டாயம் வேண்டும். நழுவிய ஹோஸ் பாம்பாகச் சுழன்று ஆளை அடிக்கும்.

கம்பியை வளைத்து உதிர்ப்பது

வயர் டிராயிங்குக்குப் போகும் சுருள் கம்பிக்கு ரசாயனமே வேண்டாம். கம்பியை உருளைகளின் மேல் வளைத்து நிமிர்த்தி, பிறகு 90 டிகிரி திரும்பிய தளத்தில் மீண்டும் வளைத்தால் ஸ்கேல் ஓடுபோல உதிர்கிறது. இரண்டு தளமும் அவசியம். ஒரே தளத்தில் வளைத்தால் கம்பியின் இரு பக்கங்களில் நீளவாக்கில் ஸ்கேல் கோடு தப்பி நிற்கும்.

கணக்கு எளிது. வெளிப்புற இழையின் நீட்சி = கம்பி விட்டம் ÷ (உருளை விட்டம் + கம்பி விட்டம்). இதில் உருளை விட்டம் என்பது பள்ளத்தின் அடியில் அளப்பது. ஏறத்தாழ 8 சதவீத நீட்சிக்குக் குறிவைத்தால் உருளை விட்டம் கம்பி விட்டத்தின் 11.5 மடங்கு வரும். 5.5 மி.மீ. கம்பிக்கு சுமார் 63 மி.மீ., 12 மி.மீ. கம்பிக்கு சுமார் 138 மி.மீ. ஆக, எல்லாக் கம்பிக்கும் ஒரே உருளை என்பது சரிவராது. பெரிய உருளையில் மெல்லிய கம்பியை விட்டால் ஸ்கேல் விரிசல் விடாது. சிறிய உருளையில் தடித்த கம்பியை விட்டால் எஃகு கடினப்பட்டு, டிராயிங்கில் அறுந்துகொண்டே இருக்கும்.

வளைத்த பின் மெல்லிய மாவு போன்ற ஸ்கேல் தூசி மிஞ்சும். எதிரெதிராகச் சுழலும் வயர் பிரஷ்களோ, சுழலும் சாண்டிங் பெல்ட்டுகளோ அதை எடுக்கும். இந்தப் படியைத் தவிர்த்தால் தூசி டிராயிங் சோப்பில் கலந்து டையைத் தின்றுவிடும். அமிலத்தில் ஊறிய கம்பியை விட இந்தக் கம்பி வழவழப்பாக இருப்பதால் சோப்பை இழுத்துச் செல்லும் பிடிமானம் குறைவு. 85–95 டிகிரி போராக்ஸ் கரைசலில் முக்கி முழுவதும் உலர்த்தினால் அந்தப் பிடிமானம் கிடைக்கும். போராக்ஸ் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் பூசிய கம்பியை நாள் கடத்தாமல் இழுத்துவிடுங்கள்.

இந்த முறை தோற்கும்போது இயந்திரத்தைத் திருகும் முன், வந்த கம்பியின் ஸ்கேலைப் பாருங்கள். ஸ்கேல் மிக மெல்லியதாகவும் மேக்னடைட் மிகுந்ததாகவும் இருந்தால் எத்தனை முறை வளைத்தாலும் முழுதாக உதிராது. வளைத்து உதிர்ப்பதற்கேற்ற ஸ்கேல் வேண்டும் என்று கம்பி வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

சிறு பாகங்களுக்கு டம்ப்ளிங்

ஃபோர்ஜிங், ஹீட் ட்ரீட்மென்ட் பாகங்களுக்குக் கோணலான செராமிக் மீடியா (தேய்க்கும் சிறு கற்கள்) நன்றாக வேலை செய்யும். கொள்ளளவில் மூன்று பங்கு மீடியா, ஒரு பங்கு பாகம். பேரல் என்றால் மொத்தம் 50–60 சதவீதம் நிரப்புங்கள். முழுதாக நிரப்பினால் உள்ளே எதுவும் சரியாது, தேய்மானமும் நடக்காது. அரை மீட்டர் விட்டப் பேரலை நிமிடத்துக்கு 24–30 சுற்றில் ஓட்டலாம். காரத்தன்மையுள்ள சோப்புக் கலவையும் மீடியா மட்டத்துக்குச் சற்றுக் கீழே நீரும் விட்டு, 4 முதல் 8 மணி நேரம் ஓட்டுங்கள். நீர் கருத்துக் கூழானதும் மாற்றுங்கள். இல்லையென்றால் உதிர்ந்த ஸ்கேலே பாகங்களின் மேல் கரியாகப் படியும். மீடியாவின் அளவு பாகத்தின் துளையை விடப் பெரிதாக இருக்கட்டும், அல்லது மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கட்டும். இடைப்பட்ட அளவு துளையில் சிக்கி, ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டிவரும். கூரிய மறைகளும் துல்லிய விளிம்புகளும் உள்ள பாகங்களுக்கு இது வேண்டாம்.

சோடா நீரில் மின்பகுப்பு

துருவும் தளர்ந்த ஸ்கேலும் கலந்த பழைய கருவிகளுக்கு இது நல்ல முறை. புதிய தகட்டின் இறுகிய ஸ்கேலுக்கு இதை நம்ப வேண்டாம்: ஹைட்ரஜன் குமிழிகள் விரிசல் உள்ள ஸ்கேலைத் தூக்கும், விரிசல் இல்லாததை விட்டுவிடும்.

பிளாஸ்டிக் தொட்டியில் 20 லிட்டர் நீருக்கு 200–250 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட் கரையுங்கள். படிகமாக விற்கும் சலவை சோடா என்றால் அதன் எடையில் பாதிக்கு மேல் நீர்தான். அதனால் 550–650 கிராம் எடுக்க வேண்டும். வேலைப்பொருளை 12 வோல்ட் டிசியின் எதிர்முனையிலும், சாதா இரும்புத் தகடுகளை நேர்முனையிலும் இணையுங்கள். நேர்முனைத் தகடுகள் பொருளைச் சுற்றி நின்றால் எல்லாப் பக்கமும் சமமாக நடக்கும். தொட்டுவிட்டால் ஷார்ட் ஆகும். 4 முதல் 12 மணி நேரம் ஓட்டி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெளியே எடுத்து, கருப்புக் கூழைப் பிரஷால் தேய்த்துக் கழுவி, உடனே சூடாக்கி உலர்த்துங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நேர்முனையாக வைக்கவே கூடாது. அதிலிருந்து ஆறிணைதிறன் குரோமியம் என்ற கடும் நஞ்சு நீரில் கலக்கும். கறியுப்பைச் சேர்த்தால் குளோரின் வாயு வரும். வெளியேறும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், ஆகவே திறந்தவெளியில் செய்யுங்கள். அமிலம் இல்லை என்பதால் ஹைட்ரஜன் நொறுக்கம் வராது என்றும் எண்ண வேண்டாம்: எதிர்முனையில் பிறக்கும் ஹைட்ரஜன் எஃகுக்குள்ளும் புகும். ஸ்பிரிங், உயர் வலிமை போல்ட், கடினப்படுத்திய கருவி ஆகியவற்றுக்குப் பிளாஸ்டிங்கே பாதுகாப்பு. தவிர்க்க முடியாமல் மின்பகுப்பில் இட்டால், எடுத்தவுடன் 190–220 டிகிரியில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அந்த வெப்பம் பாகத்தின் டெம்பரிங் வெப்பநிலையைத் தாண்டினால் கடினம் போய்விடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற முறைகள்

பல்ஸ் ஃபைபர் லேசர் ஸ்கேலை ஆவியாக்கியும் அதிர்ச்சியால் உரித்தும் எடுக்கிறது. துகளும் நீரும் இல்லை. அச்சு, வெல்டிங் விளிம்பு போன்ற குறுகிய இடங்களுக்குச் சிறந்தது. ஆனால் துருவை விட மில் ஸ்கேலில் அது வெகு மெதுவாகப் போகும். கை மெதுவானால் பரப்பு உருகி நிறம் மாறும். அதற்குரிய 1,064 நானோமீட்டர் கண்ணாடியும் மூடிய இடமும் புகை உறிஞ்சியும் இல்லாமல் தொடக் கூடாது.

ஆக்சி-அசிட்டிலின் சுடரை வேகமாக ஓட்டினால் ஸ்கேல் திடீர் விரிவால் உதிரும். உடனே வயர் பிரஷ் போட வேண்டும். ஐஎஸ்ஓ 8501-1 இதற்குத் தனி நிலையே வைத்திருக்கிறது. மெல்லிய தகடு நெளிந்துவிடும், முழுச் சுத்தமும் கிடைக்காது. பிளாஸ்டிங் முடியாத இடத்தில் மட்டும் யோசிக்கலாம்.

உருகிய உப்புத் தொட்டி ஸ்டெயின்லெஸ், டைட்டானியம் ஆலைகளுக்கானது. 400 டிகிரிக்கு மேல் உருகி நிற்கும் காஸ்டிக்கில் ஈரமான பாகம் ஒன்று இறங்கினால் தொட்டியே வெடித்துத் தெறிக்கும். சிறு பட்டறையில் முயல வேண்டாம்.

சூட்டிலேயே எடுப்பது

ரோலிங் மில்லிலும் ஃபோர்ஜிங்கிலும் ஸ்கேல் இன்னும் சூடாக இருக்கும்போதே எடுப்பதுதான் எளிது. மில்களில் 150–250 பார் அழுத்த நீர்த்தாரை தட்டை நாசில் வழியே அடிக்கிறது. குளிர்ந்து சுருங்கும் ஸ்கேலும், உள்ளே ஆவியாகும் நீரும், தாரையின் அடியும் சேர்ந்து அதை உரிக்கின்றன. தாரையைச் சுமார் 15 டிகிரி எதிர்த்திசையில் சாய்ப்பார்கள், உரிந்தது மீண்டும் தகட்டின் மேல் விழாதிருக்க. சிலிக்கான் உள்ள எஃகில் மட்டும் தனிச் சிக்கல்: ஸ்கேலுக்கும் எஃகுக்கும் நடுவே ஃபயலைட் என்ற சிலிக்கேட் உருவாகி, சுமார் 1,170 டிகிரிக்கு மேல் உருகி, ஆறும்போது வேர்விட்டது போல இறுகிவிடும். அது உருகிய நிலையில் இருக்கும்போதே நீரடித்தால் போகும். ஆறிய பின் சிவப்புத் திட்டாக நிற்கும்.

ஃபோர்ஜிங்கில் முதல் இலேசான அடியால் ஸ்கேலை உடைத்து, காற்றால் ஊதிவிட்டு அடுத்த அடியைக் கொடுங்கள். இல்லையென்றால் ஸ்கேல் உள்ளே அமுங்கிப் பள்ளமாகும். ஃபர்னஸில் நேரத்தை இரட்டித்தால் ஸ்கேல் கனம் முன்பிருந்ததைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குதான் ஆகும், ஆனால் வெப்பநிலை ஏறினால் வெகு வேகமாக வளரும். எனவே தேவைக்கு மேல் 50 டிகிரி சூடாக்குவதைத் தவிர்ப்பதே முதல் சேமிப்பு. டூல் ஸ்டீலை ஸ்டெயின்லெஸ் ஃபாயிலில் காற்றுப்புகாமல் சுற்றி ஹீட் ட்ரீட் செய்தால் ஸ்கேல் பெரும்பாலும் வராது.

ஸ்கேல் முழுவதும் போனதா என்று பார்ப்பது

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தேய்த்து மின்னும் ஸ்கேல் ஏமாற்றும். 100 மி.லி. நீரில் 5–10 கிராம் காப்பர் சல்ஃபேட் (மயில் துத்தம்) கரைத்து, பஞ்சால் பரப்பில் தடவுங்கள். வெற்று எஃகில் சில வினாடிகளில் செம்பு படிந்து இளஞ்சிவப்பாகும். ஸ்கேல் இருக்கும் இடம் கருப்பாகவே நிற்கும். எண்ணெய் இருந்தாலும் செம்பு படியாது, ஆகவே சோதிக்கும் முன் துடையுங்கள். சோதித்த இடத்தை நன்றாகக் கழுவி, செம்பு போகும் வரை மீண்டும் தேய்க்க வேண்டும். செம்பை விட்டுவிட்டால் அதன் ஓரத்தில் எஃகு வேகமாக அரிக்கும். பெரிய பரப்பில் மூலை, வெல்ட் ஓரம், நடு என்று சில இடங்களில் மட்டும் சோதித்தால் போதும்.

பிறகு

சுத்தமான எஃகை வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வை உப்பு கைரேகையாகவே துருப்பிடிக்கும். அன்றைக்குப் பிளாஸ்ட் செய்ததை அன்றைக்கே, முடிந்தால் நான்கு மணி நேரத்துக்குள், பனி இறங்கும் முன் பிரைமர் அடித்துவிடுங்கள். முடிக்க முடிந்த பரப்பை மட்டுமே தொடங்குவது நல்ல பழக்கம். உடனே பூச முடியாத இயந்திரப் பாகங்களுக்கு நீரை விரட்டும் துருத்தடுப்பு எண்ணெய் பூசி, ஆவித் துருத்தடுப்புத் தாளில் சுற்றுங்கள். வெல்டிங்குக்கு முன் அந்த எண்ணெயை எடுக்க மறக்க வேண்டாம்.

எடுத்த ஸ்கேல் தூசியை அலுமினியம் தேய்த்த தூசியோடு ஒரே உறிஞ்சியில் சேர்க்கக் கூடாது. இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும் கலந்தால் அது தெர்மைட். ஒரு கிரைண்டர் பொறி போதும், நீரால் அணைக்க முடியாத தீ மூளும். இரண்டு உலோகமும் தேய்க்கும் பட்டறையில் இரண்டு உறிஞ்சிகள் வையுங்கள், அல்லது மாற்றும் ஒவ்வொரு முறையும் பை, குழாய், தொட்டி எல்லாவற்றையும் முழுதாகக் காலி செய்யுங்கள்.